துவைக்காத துண்டு

திருவொற்றியூரில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த ஒரு தகரக் கொட்டகையில்தான் எனக்கு வேலை. யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருக்கும். கரும்பாலையில் சர்க்கரை எடுத்தது போக மிஞ்சும் கழிவுப்பாகு எங்களுக்குப் பீப்பாயில் வரும். அதைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, அலுமினியத் தட்டுகளில் ஊற்றி, ஆறியதும் மேலே கறுப்புப் பூஞ்சணப் பொடியைத் தூவுவோம். இரண்டு மூன்று நாளில் பாலேடு மாதிரி வெள்ளையாய் மூடும். பிறகு சுருங்கிக் கறுக்கும். அடியிலிருக்கும் பாகோ பல் கூசப் புளித்துப்போகும். அதில் சுண்ணாம்பைப் போட்டுப் படியவைத்து, திராவகம் விட்டுக் காய்ச்சினால் எலுமிச்சை உப்பு. எலுமிச்சம்பழத்தைக் கண்ணால் பார்க்காத எலுமிச்சை உப்பு! சோடாக் கம்பெனிக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

அந்தப் பொடியை 'விதை' என்போம். பழைய தட்டின் கறுப்பை எடுத்துப் புதுத் தட்டில் தூவவேண்டும். தனியாக எடுத்துவைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, தட்டிலிருந்து தட்டுக்குத்தான். தூவுகிறவர் ஒருவரே; தூவும்போது அந்தக் கறுப்புப் பொடி புகையாய் எழும்பி மூக்கிலும் வாயிலும் ஏறும். அவர் ஒரு மார்கழியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அந்த வேலைக்கு அவர் மனைவி வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். மூன்று பிள்ளைகளுக்கும் அந்தச் சம்பளம்தான் கஞ்சி.

தட்டறையில் அடுப்பு கிடையாது. ஆனாலும் சுவரில் கை வைத்தால் வெதுவெதுவென்றிருக்கும். பூஞ்சணம் வளரும்போது விடுகிற சூடு அது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அவர் போனபிறகு, உச்சி வேளையில் உள்ளே போனால் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது போலிருக்கும். ஒருநாள் ஒரு தட்டில் படர்ந்திருந்த வெள்ளை ஏட்டில் ஐந்து விரல் பதிந்தாற்போல் ஐந்து மடிப்பு. பாகு காய்ச்சுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஆளு இன்னும் டூட்டில கீறாரு போலக்கீதே!"

சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

அக்காவும் வேலைக்கு நடுவே அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இது நல்லதுக்கில்லை என்று நானாகவே முடிவுகட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அம்மை கண்ட வீட்டில் செய்வது போல வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். ஒரு தட்டையும் விடவில்லை. வேப்பிலையும் சாம்பிராணியும் புகைத்துக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் சுவர் சில்லிட்டுக் கிடந்தது. ஏடெல்லாம் கிழிந்து, பாகின்மேல் பச்சையாய் ஏதோ சளி மாதிரி மிதந்தது. முதலாளி தெற்கத்திக்காரர், அண்ணாச்சி என்போம். தட்டுத் தட்டாய்க் கவிழ்த்துக்கொண்டே வந்தார்.

"எவம்லே மஞ்சத்தண்ணி தெளிச்சது?"

"நான்தான் அண்ணாச்சி."

"வெதைய கொன்னுட்டியேலே! இனி இங்க என்ன இருக்கு? கொட்டகைய மூடிர வேண்டியதுதான்."

அக்கா பக்கத்துக் குப்பத்திலிருந்த வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டு. செத்துப்போனவர் தோளில் கிடந்தது. மடிப்பெல்லாம் கரி அப்பினாற்போல் கறுப்பு.

"இத்த நான் தொவைக்கவேல்ல அண்ணாச்சி. அவுரு வாசனை கீதேன்னு பானைக்குள்ள மூடி வெச்சிருந்தேன். இதுல வெதை இருக்கும். பாகுல முக்கிப் பாருங்க."

அண்ணாச்சி தயங்கினார். "ஏம்மா, முக்கினா வாசனை போயிருமே."

"புள்ளைங்க வாசனையவா துன்னும்?"

காய்ச்சி ஆறவைத்த பாகில் முக்கினோம். பிழிந்து கொடுத்ததும் அக்கா துண்டை மோந்து பார்த்தார். "வெல்லந்தான் அடிக்குது" என்று மட்டும் சொன்னார். நான் தலை நிமிரவில்லை.

நாலாம் நாள் வெள்ளை படர்ந்தது. அடுத்த வாரம் கறுத்தது. அந்த விதையைப் புதுத் தட்டுகளில் தூவ, சுவர் பழையபடி சூடானது. அக்கா உள்ளங்கையை அதில் வைத்தார், வெகுநேரம் எடுக்கவில்லை.

"கடைசி நாள்ல அவுரு நெஞ்சு இப்டித்தான் சுட்டுகினு இருந்துச்சு."

பிறகு விதைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளச் சொல்ல நினைத்தேன். சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது? கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தரம். வெளியே நின்ற நானும் பாகு காய்ச்சுகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.