பன்னிரண்டு சோடிச் சப்பாத்துகள்

கிழக்கு லண்டனில் ஒரு பழைய யூத ஆலயத்தில் ஏழு வருடம் காவலாளியாக இருந்தேன். காவலாளி என்றால் திறப்பது, பூட்டுவது, கூட்டுவது, கட்டிடத்தைச் சூடாக்கும் பொயிலர் நின்றுபோனால் இரண்டு உதை விடுவது. யாழ்ப்பாணத்துச் சைவனுக்கு அங்கே என்ன வேலை என்று ஆர்ச்வே முருகன் கோயிலில் கேட்காத ஆள் இல்லை. சம்பளம் தருகிற வேலை என்று சொல்வேன்.

அந்தத் தெருவில் ஒரு காலத்தில் அப்படி நான்கு ஆலயங்கள் இருந்தனவாம். கப்பலில் வந்திறங்கிய தையற்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் காசு சேர்த்துக் கட்டியவை. இப்போது ஒன்று உடற்பயிற்சிக் கூடம், ஒன்று பள்ளிவாசல், ஒன்று இருந்த இடமே தெரியாது. எங்களுடையது மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கு வருகிறவர்கள் ஒன்பது கிழவர்கள். முழு வழிபாடு நடத்தப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். ஒன்பது பேரும் பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு சில பிரார்த்தனைகளை விட்டுவிட்டு, ஊறுகாய் மீன் சாப்பிட்டு வீட்டுக்குப் போவார்கள். நான் விளக்குமாற்றோடு பக்கத்திலேயே நிற்பேன். யூதன் அல்லாதவன் கணக்கில் இல்லை.

ஆலயத் தலைவருக்கு எண்பத்தைந்து வயது, கண் மங்கல். அவருடைய பாட்டனார் அமெரிக்காவுக்கென்று டிக்கெட் வாங்கிக் கப்பலேறியவர். இறங்கிய இடம் நியூயோர்க் என்று சொல்லிக் கப்பல்காரன் இறக்கிவிட்டானாம். மூன்று நாள் கழித்துத்தான் அது லண்டன் என்று தெரிந்ததாம். காசு வாங்கிக்கொண்டு என்னைக் களவாக அனுப்பிய ஏஜென்சிக்காரன் எனக்குச் சொன்னது கனடா. இதைச் சொன்ன நாளிலிருந்து நானும் அவரும் சிநேகிதம்.

ஒருநாள் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. ஓர் அதிகாரி பார்வையிட வருவார். ஆலயம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்று அவர் எழுதினால் கட்டிடம் தப்பும். ஆள் இல்லை என்று எழுதினால் விற்றுவிடுவார்கள். பிளாட் கட்டுகிறவர்கள் ஏற்கெனவே வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். பண்டிகை நாளில் வாருங்கள் என்று தலைவர் பதில் போட்டார். பண்டிகைக்கும் ஒன்பது பேர்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்குப் பொறுக்கவில்லை. தலைவரிடம் சொல்லாமல், டூட்டிங்கில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். முருகன் கோயிலில் அன்னதானம் பரிமாறும் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு.

"பன்னிரண்டு பேர் வந்து பின்வரிசை வாங்கிலை இருந்தால் காணும் அண்ணை. வாய் திறக்கத் தேவையில்லை."

"சாமிக்கு முன்னாலை சும்மா இருக்கத்தானே, இருப்பம்," என்றார் அவர்.

பண்டிகையன்று காலை பன்னிரண்டு பேரும் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். நெற்றித் திருநீற்றை நானே ஈரக் கடதாசியால் துடைத்துவிட்டேன். வாசல் பெட்டியிலிருந்த சின்னத் தொப்பிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அண்ணையின் தலை பெரிது. தொப்பி வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர்கள் எழும்பினால் எழும்புங்கோ, இருந்தால் இருங்கோ என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சப்பாத்தைப் பற்றி மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். கோயில் என்று ஒன்றுக்குள் சப்பாத்தோடு போகிற வழக்கம் எங்களுக்கு எங்கே இருக்கிறது? பன்னிரண்டு பேரும் நடைபாதையில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு போய் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி வந்தார். பண்டிகை நாளில் உள்ளே எழுதக்கூடாது என்று முன்பே கேள்விப்பட்டிருந்ததால் விரல் மடித்து எண்ணினார். இருபத்தொன்று. அவருடைய முகம் மலர்ந்தது. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதியாக நான் உண்மையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நம்பவைக்க நான்கு வருடம் பிடித்தது. இங்கே பன்னிரண்டு பேர் வாயே திறக்காமல் ஒரு பொய்யை ஐந்து நிமிடத்தில் நம்பவைத்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பின்வரிசையில் இருந்தவர்கள் தலைவரின் மங்கல் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போது அவர், பத்தாவது ஆள் யாராவது வருகிறானா என்று பார்க்க நடைபாதைக்குப் போனார். அங்கே வரிசையாக இருந்த சப்பாத்துகளைக் கண்டு திரும்பி வந்து, பின்வரிசைக்குக் கிட்டப் போய் ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னை அதிகாரிக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எங்கள் பழைய குருமார் பரம்பரையில் வந்தவர்கள் மட்டும்தான் இங்கே சப்பாத்தைக் கழற்றுவார்கள். கை கழுவி, முன்னால் போய் நின்று எங்களை ஆசீர்வதிப்பார்கள். எங்களிடம் இருந்த கடைசி ஆள் செத்துப் பதினொரு வருடம். இன்றைக்கு ஒரேயடியாகப் பன்னிரண்டு பேர். இந்தியாவிலும் எங்களுடையவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தண்ணீர் கொண்டு வா. ஊற்றுவது என் பரம்பரையின் வேலை."

வாயைத் திறந்தால் இருபத்தொன்று ஒன்பதாகிவிடும். போய்க் குவளையில் தண்ணீர் கொண்டு வந்தேன்.

தலைவர் நேரே அண்ணையிடம் போய்க் குவளையைச் சாய்த்தார். கோயிலில் பெரியவர் ஒருவர் கையில் தண்ணீர் ஊற்றினால் எங்கள் ஆள் என்ன செய்வான்? அண்ணை வலக்கையைக் குழித்து வாங்கி, பக்தியாகக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவினார். தொப்பி விழுந்தது. அதற்குள் மற்றப் பதினொரு பேரும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"ஏன் குடிக்கிறார்?" என்று தலைவர் கேட்டார். "கழுவத்தானே ஊற்றினேன்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மேலே பொய் சொல்ல ஏலவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் குவளையை மர வாங்கில் வைத்தார். பிறகு அதிகாரியிடம் போனார்.

"ஒன்பது பேர். மற்றவர்கள் எங்கள் காவலாளியின் நண்பர்கள். நல்ல மனிதர்கள். எங்களுடையவர்கள் அல்ல."

அதிகாரி நன்றி சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சும்மா இருந்திருக்கலாமே, கட்டிடம் தப்பியிருக்குமே என்று அவரிடமே கேட்டேன்.

"ஒன்பது பேரை வைத்துக்கொண்டு பத்து என்று கடவுளிடமே நாங்கள் சொன்னதில்லை," என்றார். "கவுன்சிலிடம் சொல்வேனா?"

அண்ணையின் காலுறைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு, எங்களை ஆசீர்வதித்து அவரை ஏதாவது சொல்லச் சொல் என்றார்.

"என்னவாம்?" என்று அண்ணை கேட்டார்.

"ஆசீர்வாதம் பண்ணச் சொல்லிக் கேக்கிறார்."

"எனக்கு அறுபது வயசு. மூத்தாளை நான் எப்பிடி ஆசீர்வதிக்கிறது? நானெல்லோ அவரின்ரை காலிலை விழோணும்."

நான் மொழிபெயர்த்தேன். "என்னைவிட மூத்தவனுக்கு நான் எங்கே போவேன்?" என்றார் தலைவர்.

ஒன்பது கிழவர்களும் எழும்பித் தங்கள் வெள்ளைச் சால்வைகளை முகம் மறைய இழுத்துக்கொண்டார்கள். ஆசீர்வதிப்பவரைப் பார்க்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அண்ணை என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தொப்பியைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருங்கோ," என்றார். "எல்லாரும் சுகமா இருங்கோ."

ஒன்பது பேரும் ஆமென் என்றார்கள்.

அடுத்த கோடையில் கட்டிடத்தை விற்றார்கள். ஒரு சின்னப் பொய் அதைக் காப்பாற்றியிருக்கும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. அங்கே அந்த ஒன்பது பேருக்கும் கடைசியாகக் கிடைத்தது ஒரு மரக்கறிக் கடைக்காரரின் ஆசீர்வாதம். தங்கள் சட்டப்படி அது செல்லாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தலையைக் குனிந்தார்கள்.