பலாவை மிரட்டியவன்

என் பெயர் சிவராஜ். பாகலூரில் வீடு, ஓசூரில் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி வேலை. மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ரிஜெக்ட் செய்துவிடுவேன். அந்தக் கண்ணை நான் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வருவதாகச் சொல்வாள் என் மனைவி மேகலா.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா. கல்யாணமான புதிதில் பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கன்று. அது உயரத்தில் வளர்ந்தது, நான் அகலத்தில். இலையில் கொழுக்கட்டை வேகவைத்தோம், மிச்சத்தை ஆடு தின்றது. பழம் மட்டும் கிடையாது. வருஷா வருஷம் விரல் நீளப் பிஞ்சுகள் கருத்துக் கொட்டும். நானும் கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்தேன்.

தை மாதம் மேகலா தீர்த்துச் சொன்னாள். "காய்க்காத மரத்துக்கு இத்தினி எடம் எதுக்கு? வெட்டிட்டு ரெண்டு ரூம் கட்டி கம்பெனிப் பசங்களுக்கு வாடகைக்கு வுடலாங்க." செங்கல் வந்து இறங்கியது. அதை மரத்தைச் சுற்றி அடுக்கிய புத்திசாலி நான்தான்.

சித்திரையில் மேஸ்திரி வருவதாகச் சொன்னதும் எனக்கு மனசு கேட்கவில்லை. காய்க்காத மரத்தை மிரட்டும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. ஒருவர் கோடாலியை ஓங்க வேண்டும், இன்னொருவர் தடுத்து மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். கெஞ்சுவதற்குப் பக்கத்து வீட்டு ராமப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தச்சு வேலை செய்பவர். அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

"காய்க்காத உன்ன இன்னிக்கி வுட மாட்டேன்!" என்று ஓங்கினேன்.

ராமப்பன் மரத்தைத் தட்டிப் பார்த்தார். "வெட்டு சிவராஜு. உள்ள மஞ்சளா வைரம் பாஞ்சிருக்கும். கதவுக்கு அருமையான மரம்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. கெஞ்ச வேறு ஆளில்லை. "வேணாம், பாவம். அடுத்த வருசம் காய்ச்சிரும்" என்று நானே என்னிடம் கெஞ்சினேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கோடாலி நழுவிச் செங்கல் அடுக்கில் விழ, அடுக்கின் ஒரு பக்கம் சரிந்தது.

உள்ளே அடிமரத்தை ஒட்டி, குடம் அளவுக்கு ஒரு பலாக்காய் தொங்கியது.

பிறகு விசாரித்தால், கொட்டியதெல்லாம் பிஞ்சே இல்லையாம், ஆண் பூவாம். வேலை முடிந்தால் அது உதிரத்தான் செய்யுமாம். காய் பிடிப்பது அடிமரத்தில். இதுதான் முதல் காய். நான் இத்தனை வருஷமும் கிளையையே அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு வந்த மேகலா காயைத் தடவினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஒரு ரூம் போதுங்க. அந்தப் பக்கமா கட்டிக்கலாம். கல்ல நீங்களே தூக்கிடுங்க."

பொழுது சாயும்வரை செங்கல் சுமந்தேன். என்னைப் போல ஒரு பீஸ் லைனில் வந்திருந்தால் நான் அப்போதே ரிஜெக்ட் செய்திருப்பேன். மேகலா செய்யவில்லை.