அக்கா தங்கை கல்யாணமும் ஷமீமாவின் ஃபோல்டர்களும்

1. மதியம் வரை ஒரு கட் இல்லை

ஷமீமா எங்கள் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டராக வேலைக்குச் சேர்ந்த அன்று மதியம் வரை ஒரு கட் கூடப் போடவில்லை. கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள், சிஸ்டத்தின் முன் உட்கார்ந்தாள், ஃபோல்டராக உருவாக்கிக்கொண்டே இருந்தாள். கல்யாண வீட்டின் பெயரில் ஒன்று. அதற்குள் கேமரா ஒன்று, கேமரா இரண்டு, ட்ரோன், மொபைல், பாட்டு என்று தனித்தனியாக. மெமரி கார்டில் இருந்ததை ஹார்ட் டிஸ்க்கில் முழுதாகக் காப்பி செய்தாள். பிறகு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் அதையே காப்பி செய்தாள். அது ஓடி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்திருந்தாள்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இந்த வேகத்துக்குக் கடை முதலாளி அண்ணாச்சி இவளை ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

என் பெயர் முருகேஸ்வரி. குருவிகுளம் பக்கத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்துபோகிறேன். ஆல்பம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு எடிட்டர் ஆனவள். அவள் வரும்வரை கடைக்கு நான் ஒருத்திதான் எடிட்டர். என் முறை சுலபம். எல்லாக் கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுவேன். ஒருதடவை வேகமாக ஓட்டிப் பார்ப்பேன். எது எங்கே இருக்கிறது என்பது மண்டையில் ஏறிவிடும். நேரே டைம்லைனில் வைத்து வெட்ட ஆரம்பித்துவிடுவேன். எப்போதோ முடிந்த கல்யாணத்திலிருந்து யாராவது ஒரு சீன் கேட்டு வந்தால், அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே, "ஈஸ்வரிட்ட கேளுங்க, அவ மனப்பாடமா வச்சிருக்கா" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். காலையில் ஷமீமா காப்பி செய்த கல்யாணத்தின் வீட்டுக்காரர். பெண் அழைப்பில் தன் தம்பி ஆடியது மட்டும் உடனே வாட்ஸ்அப்பில் வேண்டுமாம். நான் என் நாற்காலியைத் திருப்புவதற்குள் ஷமீமா ஏதோ தட்டினாள். கிளிப் திரையில் வந்து நின்றது. அண்ணாச்சி எழுந்து வந்து அவள் பின்னால் நின்று பார்த்தார்.

"எப்படிம்மா அதுக்குள்ள எடுத்த?"

"கிளிப்புக்குப் பேரு போட்டு வச்சேன் அண்ணாச்சி. பேரத் தட்டுனா வந்துரும்."

அவ்வளவுதான். என் மண்டைக்குள் வைத்திருந்த உத்தியோகம் அவள் விரல் நுனிக்குப் போய்விட்டது.

2. காந்தல்

அடுத்த மாதங்களில் என் மனசு போன போக்கை மறைக்காமல் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியைச் சமாளிக்க யாரும் சொல்லித் தருவதில்லை.

டீ வந்தால் அண்ணாச்சி, "ஷமீமாவுக்குச் சீனி கம்மி" என்று கடைப் பையனிடம் சொல்வார். எனக்கு எவ்வளவு சீனி என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவள் மானிட்டருக்கு மேல் விளக்கு மாற்றினார்கள். என் பக்கத்து டியூப்லைட் அப்படியே துடித்துக்கொண்டிருந்தது. வேறு ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் வந்தபோது அண்ணாச்சி அவரை அழைத்துப்போய் அவள் ஃபோல்டர்களைக் காட்டினார், புது வீட்டுக்கு ஆள் கூட்டிப் போய் அறை அறையாகக் காட்டுவதுபோல. என்னைத் தாண்டிப் போகும்போது, "இது நம்ம ஈஸ்வரி, பழைய ஆளு" என்றார்.

பழைய ஆளு. வீட்டில் அரிசி களையும்போதும் அது காதில் கேட்டது.

அவளிடம் ஒரு குறை கண்டுபிடிக்கத் தினமும் பார்த்தேன். அவளுடைய கட் எனக்குப் பிடிக்காது. எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் சப்பென்று இருக்கும். அழுகிற முகத்தைவிட்டு ஒரு நொடி முன்னாலேயே விலகிவிடுவாள். அதைப் பார்த்து மனசுக்குள் சமாதானம் செய்துகொள்வேன். ஆனால் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

3. சிவகிரிக் கல்யாணம்

பிறகு சிவகிரியிலிருந்து அந்தக் கல்யாணம் வந்தது. அக்கா சுகன்யா, தங்கை சுபா. ஒரே காலை, ஒரே மேடை, அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம். இரண்டு பேருக்கும் ஒரே அரக்குச் சிவப்பில் பட்டு. அக்காவைச் சிவகிரியிலேயே கொடுத்திருந்தார்கள். தங்கையைக் கட்டியவர் வாசுதேவநல்லூர்.

வீடியோ இரண்டாக வேண்டும் என்றார்கள். அக்கா படத்தில் அக்கா மாப்பிள்ளை வீட்டார், தங்கை படத்தில் தங்கை மாப்பிள்ளை வீட்டார். அண்ணாச்சி யோசித்துவிட்டு, "ஷமீமா அக்காவுதப் பாரு, ஈஸ்வரி தங்கச்சியுதப் பாரு" என்றார். அவர் எங்களைப் போட்டிக்கு விட்டதாக நினைக்கவே இல்லை. நான் நினைத்தேன். முதலில் முடிப்பது நான்தான் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

ஷமீமா வழக்கம்போல மொத்தக் கார்டையும் எடுத்து அடுக்கினாள். தன் பங்கு மட்டுமல்ல, என் பங்கையும் சேர்த்து. முகம் தெரியாத ஆட்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மணப்பெண் சுகன்யாவுக்கு அனுப்பி, யார் இவர் என்று கேட்டுக் கேட்டுக் கிளிப்புக்குப் பெயர் போட்டாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. நாம் வெட்ட வந்தோமா, ரேஷன் கார்டுக்கு ஆள் கணக்கெடுக்க வந்தோமா?

ஒரு நாள் அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, ரெண்டாவது கேமராவுல டயம் தப்பா இருக்கு. பின்தங்கிக் கெடக்கு. நான் சரிபண்ணி அடுக்கிட்டேன். அந்தப் ப்ராஜெக்ட்ட உங்களுக்கும் தரட்டுமா?"

"வேண்டாம். எனக்கு எங்கன என்ன இருக்குன்னு தெரியும்."

அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. நான் முதலில் முடித்தேன். அண்ணாச்சி பார்த்து, "ஈஸ்வரி கைன்னா கைதான்" என்றார். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

4. "நான் தள்ளித்தானே நின்னேன்"

பென் டிரைவ் வாசுதேவநல்லூருக்குப் போன சில நாட்களில் சுபா, அவள் கணவர், அவருடைய அம்மா மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். சுபாவின் கண் வீங்கியிருந்தது.

மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணாச்சி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அம்மா ஒரு இடத்துல கூட இல்ல. சொந்தக்காரங்க எல்லாரும் டிவியில போட்டுப் பாத்தாவ. கல்யாணத்துக்கே வராத ஆளு மாரி இருக்கு."

சுபா மெதுவாகச் சொன்னாள். "என் நாத்தனார், நாங்க சொல்லித்தான் அத்தைய வெட்டிட்டோம்னு சொல்லுதாவ. படத்துல விதவைய வைக்கக் கூடாதுன்னு எங்க அம்மா வீட்டுல சொன்னாவளாம். நாங்க அப்படிச் சொல்லவே இல்ல அண்ணாச்சி. அந்த வீட்டுல யாரும் எங்கூடப் பேச மாட்டேங்காவ."

அந்த அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு மக்கா. நான் தள்ளித்தானே நின்னேன். படம் புடிக்கிறவங்க என்ன செய்வாவ?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கணவரை இழந்தவர். தாலி கட்டும்போது மேடையில் ஏறக்கூடாது என்று யாரும் சொல்லாமலே தானாக ஒதுங்கி நின்றிருக்கிறார். மேடையைப் பார்த்து எடுத்த கேமராவில் அவர் இல்லை. படத்தை வெட்டிய நானோ அவர் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன். என் ஞாபகசக்தியை ஊரே மெச்சியது. அது எனக்குத் தெரிந்த முகங்களை மட்டும்தான் வைத்திருந்தது.

"எங்கனயாவது இருப்பாவ, தேடித் தாரேன்" என்றேன்.

அண்ணாச்சி, "இது அந்தப் பிள்ளையோட வாழ்க்கை ஈஸ்வரி" என்றார். சொன்னது என்னிடம். பார்த்தது ஷமீமாவை.

அவர்களை உள்ளே உட்காரவைத்துவிட்டுத் தேடினேன். ஒரே ஃபோல்டர், நூற்றுக்கணக்கான கிளிப், எல்லாம் கேமரா கொடுத்த நம்பரோடு. நான் எல்லாவற்றையும் கேமரா காட்டிய நேர வரிசையில் வைத்திருந்தேன். தங்கை முகூர்த்த நேரத்தில் இரண்டாவது கேமராவில் பந்தி மட்டும்தான் இருந்தது. அந்தக் கேமராக்காரத் தம்பி தாலி கட்டும்போது சாப்பிடப் போய்விட்டான் என்று எடிட் செய்யும்போதே நினைத்திருந்தேன். இப்போதும் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தேன். இலையும் கூட்டும் பாயசமும்தான் வந்தன.

பக்கத்தில் ஷமீமா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் கேட்க வேண்டும். இரண்டு அடி தூரம்தான். மறுபடியும் பந்திக் கிளிப்பையே ஓட்டினேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சுபா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது.

"ஷமீமா, தங்கச்சியோட மாமியார் எங்கனயாவது கேமராவுல விழுந்திருக்காவளா?"

அவள் சிரிக்கவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். 'தங்கச்சி மாமியார்' என்று தட்டினாள். ஒரு கிளிப் வந்தது.

"ரெண்டாவது கேமராவோட பின்தங்கின டயத்தப் பாத்தா அக்காவோட முகூர்த்தம் மாரி காட்டும். சேலையும் ஒரே கலரா, நானும் மொதல்ல ஏமாந்துட்டேன். பின்னாடி மைக்ல மாப்ள பேரு சொல்லுதாவ, கேட்டுப் பாருங்க. இது தங்கச்சியுது."

5. அட்சதை

அந்தக் கிளிப் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தக் கேமராக்காரத் தம்பி பந்திக்கூடத்தின் வாசலில் விளையாடும் பிள்ளைகளை எடுக்கிறான். கெட்டிமேளம் கேட்டதும் கேமராவை மேடைப் பக்கம் திருப்புகிறான். திருப்பும் வழியில் தூணுக்குப் பின்னால் அந்த அம்மா. கையில் அட்சதை. உதடு அசைகிறது. மேடைக்கும் அவருக்கும் இடையே பாதி மண்டபம் இருக்கிறது. அப்படியும் கையை உயர்த்தி வீசுகிறார். அரிசி அவர் காலடியிலேயே விழுகிறது.

நான் பார்த்திருந்தால் ஆடுகிறது என்று ஒதுக்கியிருப்பேன்.

ஆட்டத்தைக் குறைத்தேன். தாலி முடிச்சைக் குளோசப்பில் வைத்தேன். கூட்டம் அட்சதை போடுகிறது. அங்கிருந்து அந்த அம்மாவின் முகத்துக்கு வந்தேன். கை உயர்கிறது, விரல்கள் விரிகின்றன, அரிசி கையைவிட்டுப் போகிறது. அந்த இடத்தில் வெட்டினேன். அடுத்த ஷாட்டில் மாப்பிள்ளை, பெண் தலையில் அரிசி விழுகிறது. மாப்பிள்ளை நிமிர்ந்து யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு முடியும்வரை விட்டேன்.

நடந்தது அப்படி இல்லை என்று ஒருவர் சொல்லலாம். அந்த அரிசி போக வேண்டிய இடம் அதுதான்.

மூன்று பேரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா முதலில் தன்னை அடையாளம் காணவில்லை. பிறகு திரைக்குக் கிட்டே வந்தார்.

"எம் பிள்ள தலையில விழுந்துட்டே" என்றார். "நான் போட்டது விழவே இல்லன்னு நெனச்சேன்."

மாப்பிள்ளை வெளியே போய் நின்றுகொண்டார். சுபா மாமியாரின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "இத நாத்தனாருக்கு இப்பவே அனுப்புங்கக்கா" என்றாள் அழுகையோடு.

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்தார். "நீ நல்லாருப்ப தாயி. அத்தன கூட்டத்துல என்னத் தேடி எடுத்துட்டியே."

அந்த நொடியில் எனக்கு என்ன ஆசை வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பல மாதமாகப் பசித்திருந்தவள் முன்னால் இலை போட்டாகிவிட்டது. ஆனால் ஷமீமா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"தேடி எடுத்தது நான் இல்லம்மா, அவதான்" என்றேன். அந்த அம்மா அவளிடமும் போய்த் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு ஷமீமா என் சிஸ்டத்துக்கு வந்தாள். அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தாள். பின்னால் போய் மறுபடி ஓட்டினாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இந்தக் கிளிப்புக்கு நான்தான் பேரு போட்டேன். எத்தன தடவ பாத்திருப்பேன். எனக்கு இது தோணவே இல்லியே அக்கா."

பாராட்டுகிற குரல் இல்லை அது. முகம் இறுகியிருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்த்ததுதான். அந்த அம்மா கையைப் பிடித்ததைவிட அது எனக்கு இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"பேரு போடுதது எப்படின்னு சொல்லு. கட் பண்ணுதத நான் சொல்லுதேன்" என்றேன்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றாள்.

6. கற்றுக்கொண்டது

இப்போதும் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவள் வேலையை யாராவது மெச்சினால் எனக்குக் கை வேகமாகிறது. நான் வெட்டியதை யாராவது மெச்சினால் அவள் இரண்டு நாள் டீ குடிக்கக்கூட எழுந்து வருவதில்லை. அடுப்பு எரிகிறது. அதில் சோறும் வேகிறது.

புதிதாக எடிட்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கு ஷமீமாவிடம் நான் கற்றதைச் சொல்கிறேன். கார்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேரே எடிட் செய்யாதீர்கள். அதைக் கழற்றிய உடனே டைம்லைன் முழுக்கச் சிவப்பாகி, ஃபைலைக் காணோம் என்று நிற்கும். முழுக் கார்டையும் இரண்டு இடத்தில் காப்பி செய்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் கட்டாயம். ஏனென்றால் இரண்டு கேமராவும் ஒரே நம்பரில் பெயர் வைக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். ஷூட்டிங் தொடங்கும் முன் எல்லாக் கேமரா கடிகாரத்தையும் ஒன்றாக வையுங்கள். ஆடுகிறது என்று எதையும் அழிக்காதீர்கள். ஓரமாக ஒரு ஃபோல்டரில் போடுங்கள்.

இது எல்லாம் சாஃப்ட்வேர் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். சொல்லித் தராத ஒன்று உண்டு. கார்டு வந்ததும் கல்யாண வீட்டுக்குப் போன் செய்து, மேடை ஏறாமல் ஒதுங்கி நின்றவர்கள் யார் யார் என்று கேட்கிறேன். பல வீடுகளில் சட்டென்று பதில் வராது. அப்படி யாரும் இல்லையே என்பார்கள். நான் போனை வைக்காமல் காத்திருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப்பக்கம் யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரில்தான் முதல் ஃபோல்டர்.