முறுக்கு சொன்ன போன்

மலேசியாவில் செமோர் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த பாக்கியம், தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபிறகு முறுக்குச் சுட்டே பெயர் வாங்கியவர். ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஆனால் குடிமாறி வந்த புது வீட்டில் பழைய போன் லைன் சரியாக எடுப்பதில்லை. தீபாவளி நெருங்கும் நேரத்தில் ஆர்டர்கள் கைநழுவின. அதனால் அதே நம்பரை வைத்துக்கொண்டு போன் கம்பெனியை மட்டும் மாற்ற ஈப்போவுக்கு வந்தார். புது லைனோடு ஒரு போனும் எடுக்கலாம் என்று கடையில் சொன்னார்கள்.

விற்பனையாளன் ரூபன் மூன்று போன்களை மேசையில் வைத்து, ஒன்றைக் காட்டினான். "இதத்தான்க்கா இப்ப எல்லாரும் எடுக்கிறாங்க. கேமரா சூப்பர் லா."

பாக்கியம் பையிலிருந்து டின்னைத் திறந்து, ஒரு முறுக்கை எடுத்து வைத்து, மூன்றிலும் படம் பிடித்தார். ரூபன் காட்டிய போனில் முறுக்கு ஆரஞ்சு நிறத்தில் பளபளத்தது.

"அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது என் முறுக்கு இல்லயே. படத்தப் பாத்து வாங்குறவங்க டின்னத் தெறந்தா என்ன நெனப்பாங்க?"

"மத்தவங்கல்லாம் படத்துக்கு மேக்கப் போட்டுத்தான்க்கா விக்கிறாங்க."

"அவங்க முறுக்குக்குத் தேவப்படுது, போடுறாங்க."

ஓரத்தில் இருந்த சாதாரண போனில், சட்டியிலிருந்து எடுத்த அதே நிறத்தில் முறுக்கு இருந்தது; எள்ளுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அதையே எடுத்தார்.

புது லைன் வந்ததும் ரூபன் மேசையில் இருந்த முறுக்கைக் கடித்துப் பார்த்தான். மென்றுகொண்டே, "அக்கா, எங்க வீட்டுக்கு ரெண்டு டின்" என்றான்.

பாக்கியம் புதுப் போனை நிமிர்த்திப் பிடித்தார். "வாயால சொன்னா எப்படி? வாட்ஸ்அப்ல போடு."