மிதிபலகையில் கட்டிய கால்

அப்பாவின் உடம்பை நாங்கள் தறிச் சத்தத்தை வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தோம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில், காலைக் குழிக்குள் விட்டு மிதித்து நெய்யும் குழித்தறியில் மிதி ஒழுங்காக விழுந்தால், கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவருக்கு நரம்பு நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையைத் தின்கிறது. முதலில் பாதம் மரத்துப்போகும், பிறகு கணுக்கால் தொங்கிவிடும். சென்னையில் ஒரு மருத்துவமனையில் புது மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரைச் சேர்த்தேன். சம்மதத் தாள்களை நான்தான் படித்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மருத்துவர் என்னைப் பார்த்தே எல்லாவற்றையும் விளக்கியதில் எனக்குப் பெருமை.

முதல் கட்டத்தில் எல்லோருக்கும் மருந்து. அப்பா கைத்தடியை மூலையில் வைத்துவிட்டுத் தறியில் இறங்கினார். இரண்டாம் கட்டத்தில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று மருத்துவருக்கே தெரியாது. வாராவாரம் நான்தான் அவர் வயிற்றில் ஊசி போட்டேன். போட்டுவிட்டு அடுத்த அறையில் நின்று தறியைக் கேட்பேன். சத்தம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் சாப்பிட வரும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார். செருப்பு கழன்றது தெரியாமல் வாசலைத் தாண்டினார்.

"அது பழசும்மா, தேய்ஞ்சி பூட்ச்சி" என்றார்.

தறியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கான நூலை ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளுவது அம்மாவின் வேலை. அவள் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று நான் உட்கார்ந்தேன். நாடா கைதவறிக் குழிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அப்பாவின் பாதம் பழைய வேட்டித் துணியால் மிதிபலகையோடு கட்டப்பட்டிருந்தது. முட்டியைத் தூக்கி இறக்கியே மிதித்திருக்கிறார். துணி அறுத்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

"இன்னாப்பா இது? அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். படிச்சவ நீ, உடனே போனைப் போட்டு ஒப்பிச்சிடுவ. அதான் வாய மூடிக்கினு இருன்னு சொன்னேன்."

"மோசமானா சொல்லணும்னுதானே டாக்டர் சொன்னாங்க?"

"புடவையில ஒரு இழை விட்டாலே முதலாளி எடுத்துக்க மாட்றாரு. கால் போனவன ஆஸ்பத்திரில வெச்சிக்குவாங்களா? மருந்த நிறுத்திட்டா நான் இன்னா செய்றது?"

குறையைச் சரிக்கட்டிய பிறகே புடவையைப் பிரித்துக் காட்டுவது எங்கள் தெரு வழக்கம். அப்பா தன் காலையும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

"மோசமானாத்தான்பா திரும்ப நிஜ மருந்து தருவாங்க. நாள் தள்ளினா நரம்பு திரும்பாது. அன்னிக்கே படிச்சிக் காட்டினேனே."

"நீ படிச்ச. நான் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

நான் கட்டை அவிழ்த்துவிட்டு, மறுநாளே மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன்.

மறுநாள் காலை சென்னைக்கு பஸ் ஏறினோம். மருத்துவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், "நல்லா இருக்குதும்மா" என்றார், பழக்கத்தில். கால்விரல்களைத் தூக்கச் சொன்னார்கள். விரல்கள் அசையவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. ஆனால் உடம்பு அவருடையது. காத்திருந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதால பலகையில கட்டிக்கினுதாம்மா மிதிக்கிறேன். ஆடியிலேர்ந்து."

மருத்துவர் திட்டவில்லை. முட்டியிலும் கணுக்காலிலும் தட்டிப் பார்த்தார், நடக்கவைத்தார், வெகுநேரம் எழுதினார். அன்றிலிருந்தே நிஜ மருந்து என்றார். கால் பழையபடி வருமா என்று கேட்டேன். "பார்க்கணும்" என்றார்.

அங்கேயே, எது என்று தெரிந்த ஊசியை முதல்முறையாக அப்பாவுக்குப் போட்டேன். போட்டுவிட்டு அவர் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஊசியில் அசையாது என்று எனக்குத் தெரியும். அப்பாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.