ஸ்டியரிங் இல்லாத பக்கம்

வீடு வாங்கிவிட்டதாக என் கணவர் துபாயிலிருந்து போனில் சொன்னபோது நான் அனுமந்தை அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த முட்டை நழுவிக் கீழே விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். மரக்காணத்தில் மாமியார் வீட்டு நடு அறையில், சமையலறைக்குப் போகிறவர்களும் தோட்டத்துக்குப் போகிறவர்களும் என் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படியே என் பாதி வாழ்க்கை போய்விட்டது. மீதியையாவது கதவைச் சாத்திக்கொண்டு வாழ வேண்டும் என்று எனக்கு ஆசை.

"எந்தப் பக்கம்ங்க? திண்டிவனம் ரோட்டுலயா, கடல் பக்கமா?" என்று கேட்டேன்.

"உனக்கு எந்தப் பக்கம் புடிக்குதோ அந்தப் பக்கம் வச்சுக்கலாம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "போட்டோ அனுப்புறேன், பாரு" என்று போனை வைத்துவிட்டார். போட்டோ வந்தது. வெள்ளையாக, ஜன்னல் குறைந்த ஒரு பஸ். தவறாக வேறு எதையோ அனுப்பிவிட்டார் என்று நினைத்து நான் அடுத்த படத்துக்காகக் காத்திருந்தேன். அடுத்த படத்தில் அந்த பஸ்ஸுக்குள் ஒரு கட்டில் இருந்தது. அதற்கடுத்ததில் அடுப்பு, ஃபிரிட்ஜ், கை கழுவும் தொட்டி. கடைசிப் படத்தில் கக்கூஸ்.

அவர் அங்கே ஒரு ஷெட்டில் ஏ.சி. மெக்கானிக். பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிற பணக்காரர்களின் வண்டிகளுக்கு ஏ.சி. மாட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை. அதில் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவன் மாதிரிதான், ஆனால் குடும்பம் தங்கக்கூடியது. வீடு கட்டச் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் எடுத்து அதை வாங்கிவிட்டார். நான் போனில் கத்தினேன். வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இத எடுத்துட்டு ஊருக்கே வந்துடறேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன். வேலைய விட்டுட்டேன்" என்றார்.

அதற்கு மேல் என்ன கத்துவது? பதினைந்து வருஷமாக வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போகிற மனிதர், வந்துவிடுகிறேன் என்கிறார். பஸ்ஸோடு வருகிறேன் என்கிறார். எனக்குக் கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. பாண்டிச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு போன் செய்தேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "அம்மா, அது வீடா, வண்டியா?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாரிடமும் சரியான பதில் இல்லை.

கப்பலில் வந்து, சென்னைத் துறைமுகத்தில் கிடந்து, கிளியரிங் ஏஜெண்ட் ஒருவர் என்னென்னமோ காகிதம் காட்டி, ஒருவழியாக மாசி மாதத்தில் வண்டி ஊருக்கு வந்தது. ஈ.சி.ஆரில் அதன் பின்னாலேயே பத்துப் பதினைந்து பைக் வந்தது. யாரோ நடிகர் உள்ளே இருப்பதாக நினைத்துவிட்டார்கள். என் கணவர் இறங்கியதும் கூட்டத்தில் ஒருவன், "அட, நம்ம ஏ.சி. அண்ணன்டா" என்று சலித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

அப்போதுதான் கவனித்தேன். எல்லாமே தப்பான பக்கத்தில் இருந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம். உள்ளே ஏறும் கதவு வலப்பக்கம். நம் ஊரில் வண்டியை இடப்பக்கம் ஓரம்கட்டினால் அந்தக் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்கிறது. முதல் நாள் நான் பெருமையாக இறங்கிக் காலை வைத்தேன், பாண்டிச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மூக்குக்கு முன்னால் போனது. "அங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போவாங்க" என்று கணவர் விளக்கினார். இங்கே நாம் இந்தப் பக்கம்தானே போகிறோம் என்றேன். அவர் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார்.

குத்தகைக்கு எடுத்திருக்கும் எங்கள் உப்பளத்தை ஒட்டி, உப்பை அம்பாரமாகக் குவித்துக் கீற்று போட்டு மூடிவைக்கும் மேட்டில் வண்டியை நிறுத்தினோம். உடனே அடுத்த குழப்பம். என் மாமியார் ஒரு கையில் பால் சொம்பும் இன்னொரு கையில் எலுமிச்சம்பழப் பையுமாக வந்து நின்றார்.

"ஏம்பா, வூடுன்னா பால் காய்ச்சணும். வண்டின்னா பழம் நசுக்கணும். எதுப்பா செய்யறது?"

"ரெண்டுந்தாம்மா" என்றார் மகன்.

"ரெண்டும்னா எத மொதல்ல செய்யறது?"

வீட்டுக்கு வாசல் கிழக்கே இருக்க வேண்டும் என்றார் மாமியார். வாசல் மேற்கே இருந்தது. என் கணவர் சிரித்துக்கொண்டே ஏறி வண்டியைத் திருப்பி நிறுத்தினார். வாசல் கிழக்கே வந்துவிட்டது. வாஸ்து பார்த்து வீட்டைத் திருப்பிய ஒரே குடும்பம் இந்த ஜில்லாவில் நாங்களாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் மாமியார் சக்கரத்தின் அடியில் வைத்துவிட்ட எலுமிச்சம்பழம் திருப்பும்போதே நசுங்கிவிட்டது. ஆகவே வண்டிப் பூஜை முதலில் முடிந்தது என்று மாமியார் அறிவித்தார்.

பிறகு உள்ளே பால் காய்ச்சினோம். பால் பொங்கியதும் மாமியார் கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டைச் சுற்றினார். கூரையில் இருந்த ஒரு வட்டமான பொருள் காது கிழிய அலறத் தொடங்கியது. புகை வந்தால் கத்துகிற கருவியாம். அதை எப்படி நிறுத்துவது என்று ஏ.சி. மெக்கானிக்குக்கும் தெரியவில்லை. மாமியார் பயந்துபோய்த் தட்டோடு கதவைத் திறந்து வெளியே ஓடினார். உப்பளத்தில் உப்பு வாரப் பலகை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்று பார்த்தார்கள். "பால் பொங்கிச்சா?" என்று வரப்பிலிருந்து ஒரு பெண் கத்திக் கேட்டாள். "பொங்கிச்சு, பொங்கிச்சு" என்று நான் திருப்பிக் கத்தினேன். பால் காய்ச்சிய வீட்டில் அன்று தங்கியாக வேண்டும். தங்கினோம்.

உண்மையைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? அந்தக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சின்ன இடம். எழுந்து நின்றால் முழங்கை அலமாரியில் இடிக்கும். ஆனால் அதைத் தாண்டி யாரும் எங்கேயும் போக முடியாது.

வண்டி ஓட்டுவதுதான் பெரிய கூத்து. சீமைச் சரக்கை வாங்கியவர் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினால், முன்னால் ஒரு லாரி போகும்போது எதிரே வருவது எதுவும் அவருக்குத் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது நான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள்.

முதல்முறை இரும்பை என்கிற ஊரில் இருக்கும் கோயிலுக்குக் கிளம்பினோம். முன்னால் ஒரு டேங்கர்.

"வருதா?" என்றார்.

"எது?"

"வண்டி! எதுத்தாப்புல வண்டி வருதா?"

"வருது."

"எவ்ளோ தூரத்துல?"

"அந்தப் புளியமரத்தாண்ட."

"எந்தப் புளியமரம்? எனக்கு டேங்கர்தான தெரியுது!"

அதற்குள் எதிர்வண்டி எங்களைக் கடந்தே போய்விட்டது. வழியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, நேராக என்னிடம் வந்து லைசென்ஸ் கேட்டார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். என் முன்னால் ஸ்டியரிங் இல்லை என்பது அவர் மூளையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்கு வந்த குழப்பம் எனக்குப் பழகிப்போன குழப்பம்தான் என்பதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

போகப் போகப் பழகிவிட்டது. "வருது" என்றால் அவர் அடங்குவார். "இல்ல, போங்க" என்றால் ஏறுவார். நான் சொன்னதை நம்பி அத்தனை பெரிய வண்டியை எதிர்ச்சாரிக்குத் திருப்புவார். கல்யாண வாழ்க்கையில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்காமல் அவரால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. போனில் "சாப்டியா, தூங்கினியா" என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு அது பெரிய விஷயம். பக்கத்திலிருக்கும் பிரம்மதேசம் வரை சும்மாவே போய்விட்டு வருவோம். சனி ஞாயிறில் கடலைப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவர் திட்டம் போட்டார். என் படுக்கையில் ஊரான் படுப்பதா என்று நான் சண்டை போட்டேன். வீட்டுச் சண்டை போட எங்களுக்கு ஒரு வீடு இருந்தது.

உப்புக் காற்றில் கதவின் கீல் ஒரு மாதத்திலேயே சிவந்துவிட்டது. அவர் தினமும் நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விட்டார். இங்கே நம்பர் வாங்கிவிட்டால் அடிப்பக்கம் முழுக்க பெயிண்ட் அடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நம்பர் வாங்க அவர் அந்தக் கிளியரிங் ஏஜெண்டுக்கு போன் செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"எந்த நம்பர் சார்?" என்றார் ஏஜெண்ட். "நீங்க கொண்டாந்தது சுத்திப் பாக்க வர்றவங்க பேப்பர்ல. ஆறு மாசத்துல வண்டி திரும்பிப் போயே ஆவணும். அன்னிக்கே சொன்னேனே. அதுவும் லெப்ட் ஸ்டியரிங். இதுக்கு இங்க நம்பர் தரவே மாட்டாங்க."

"ஊருக்கு வந்தப்புறம் மாத்திக்கலாம்னு சொன்னாங்களே?"

"யாரு சார் சொன்னா?"

யார் சொன்னார்கள்? அங்கே அவரோடு ரூமில் தங்கியிருந்தவர்கள் சொன்னார்கள். அந்த ரூமில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம். பல் வலியா, மகள் கல்யாணமா, தம்பியோடு பாகத் தகராறா, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம். பஸ்ஸையும் அப்படித்தான் கொண்டுவந்திருக்கிறார். ஏஜெண்ட் சொன்னது காதில் விழுந்திருக்கிறது, ஆனால் அந்தப் பதில் அதைவிடச் சத்தமாகக் கேட்டிருக்கிறது.

"சார், இத வீடாத்தான் வச்சிருக்கோம். பால்கூட காய்ச்சிட்டோம்" என்றார் பரிதாபமாக.

"வீடுன்னா எதுக்கு சார் டயரு?"

மாமியாரிடம் சொன்னபோது, "அப்ப டயர கழட்டிடு, வூடாயிடும்" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அதையும் ஏஜெண்டிடம் கேட்டோம். டயர் இல்லாவிட்டாலும் போயாக வேண்டும், போகாவிட்டால் பறிமுதல், வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவோம் என்று துபாயில் கட்டிவைத்த ஜாமீன் பணமும் போய்விடும் என்றார்.

போகட்டும் சனியன் என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் நடு அறைக்கே திரும்பிப் போய்விடலாம். பிறகுதான் கணவர் மெதுவாகச் சொன்னார். வண்டி அவர் பெயரில் இருக்கிறது. அங்கே போய் அவர்தான் எடுத்து, அவர்தான் விற்க வேண்டும். பழைய முதலாளியிடம் பேசிவிட்டாராம். விற்கிறவரைக்கும் ஷெட்டிலேயே வேலை செய்யலாம் என்றாராம்.

"ரெண்டு மாசந்தான்" என்றார்.

முதல்முறை போகும்போது இரண்டு வருஷம்தான் என்றார். அது பதினைந்தானது. அந்த ஷெட் அவரை எப்படிப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். கையில் ஒன்றும் இல்லாமல் எப்படி வருவது என்பார், கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்பார், எனக்கு வயதாகிவிடும். அவர் போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெளிவாக இல்லை. ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வண்டி வராதிருந்தால் அவரும் வந்திருக்கமாட்டார். வண்டி வந்ததால்தான் போகிறார். இதில் நான் வண்டியைத் திட்ட வேண்டுமா, கும்பிட வேண்டுமா?

ஆவணியில் கிளம்பினோம். துறைமுகத்தில் வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் அவருக்கு விமானம். மாமியார் இந்தத் தடவையும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் கூடப் போயே ஆக வேண்டியிருந்தது. நானில்லாமல் அவரால் ஒரு மாட்டு வண்டியைக்கூடத் தாண்ட முடியாது.

உப்பளங்கள் முடிகிற இடத்தில், ரோடு இன்னும் அகலப்படுத்தாத பகுதியில், முன்னால் ஒரு உப்பு லாரி. மூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே ஊர்ந்து போனது.

"வருதா?" என்றார்.

எதிரே பார்த்தேன். வளைவு வரைக்கும் ரோடு காலியாக இருந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை.

"வருது" என்றேன்.

அவர் அடங்கினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். வளைவைத் தாண்டியும் ரோடு காலியாகவே கிடந்தது.

"இன்னும் வருதுங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எதிர்ச்சாரி தெரியாது. என் முகம் தெரியும். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நாங்கள் அந்த லாரிக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தோம்.