மேட்டு மண்

பெரியப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார் ஓடினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அவ்வளவு கெட்ட மனசு. வாரத்துக்கு இரண்டு தரம் அடித்தும் அவர் திராட்சைக் கொடியில் நோய் நிற்கவில்லை. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து மலையடிவாரம் போகிற பாதையில் எங்கள் இரண்டு தோட்டங்களும் மேலும் கீழுமாக இருக்கின்றன. பாகம் பிரித்தபோது கிணறும் சமநிலமும் பெரியப்பாவுக்குப் போயின. சரளை மேடு அப்பாவுக்கு வந்தது. "கிணத்துல ரெண்டு பேருக்கும் பாதிப் பாதிதான் தம்பி" என்று சொல்லித்தான் அப்பாவிடம் கைநாட்டு வாங்கினார். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் டிரங்குப் பெட்டியிலிருந்த பத்திரத்தை எடுத்து வரி வரியாக வாசித்தேன். கிணற்றில் அப்பாவுக்குச் சொட்டுத் தண்ணீர்கூட எழுதியிருக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"தெரியும்டா. தண்ணி கேட்டுப் போனப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். அவர் அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை. விவசாயப் படிப்பில் சேர்ந்ததே அந்தக் கோபத்தில்தான்.

படித்து வந்து, மேட்டில் பன்னீர் திராட்சை வைக்கப்போகிறேன் என்றதும் பெரியப்பா பாதையில் நின்று சிரித்தார்.

"ஏலே, அங்கன கள்ளியே யோசிச்சுத்தான் மொளைக்கும். பந்தல் போட்டு என்ன, துணி காயப்போடப் போறியா?"

"கொடி ஏறும் பெரியப்பா. ஏறுனப்புறம் வந்து பாருங்க."

வீம்புக்குச் சொல்லவில்லை. மேட்டில் தண்ணீர் தேங்காது. மலையிலிருந்து இறங்குகிற காற்று விடிந்த கொஞ்ச நேரத்தில் இலையை உலர்த்திவிடும். உலர்ந்த இலையில் நோய் லேசில் பிடிக்காது. போர் போட்டுச் சொட்டுநீர் விட்டால் தண்ணீருக்கும் அவரிடம் போய் நிற்க வேண்டாம். குறை என்றால் மண்தான். சரளைக்கு மேலே மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதை மூன்று வருடம் உண்டாக்கினேன். எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டேன், வரிசைக்கு நடுவே தழையுரத்துக்குச் சணப்பு விதைத்து அறுத்து அங்கேயே மூடாக்காகப் பரப்பினேன், சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு மழைத்தண்ணீரை நிறுத்தினேன். மூன்றாம் வருடம் மம்பட்டியால் கொத்தியபோது மண் கறுப்பாகப் புரண்டது. கேரளாவிலிருந்து வந்த வியாபாரி பெரியப்பா தோட்டத்தைத் தாண்டி எங்கள் மேட்டுக்கு ஏறினார். அவர் கூடவே நானும் ஏறினேன், பெரியப்பா பார்க்கிற மாதிரி, மெதுவாக.

அதுவே எனக்குப் போதுமாக இருந்திருக்கும். ஐப்பசியில் ஒரு நாள் டீக்கடையில் நாலு பேர் எங்கள் கொடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெளையாம என்ன?" என்றார் பெரியப்பா. "எந்தம்பி கைநாட்டு. ஏமாந்துடக் கூடாதேன்னு நல்ல எடமாப் பாத்து நான்தான் ஒதுக்கிக் குடுத்தேன்."

அப்பாவும் அங்கேதான் இருந்தார். டீ கிளாசுக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. கீழே பெரியப்பா கொடி பூவில் இருந்தது. என் வரப்புகளில் தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், கடைசி வரப்பை அவர் தோட்டத்துப் பக்கமாக வெட்டிவிட்டேன். தண்ணீர் பாய்ந்த வேகத்தைப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது. "நல்லாக் குளிங்க" என்று வாய்விட்டே சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அதற்கு மேல் வரப்பு தானாகச் சரிந்தது. அடுத்து அதற்கும் மேல் வரப்பு. ஓடுகிற தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஏன் கறுப்பு என்று உறைத்தபோது, தலையிலிருந்த சாக்கைப் பிடுங்கி வெட்டின வாயில் அடைத்தேன். சாக்கும் போய்விட்டது.

பெரியப்பா தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்று பூ கருகிக் கொட்டியது. எங்கள் தோட்டத்தில் கீழ் வரிசைகளில் சரளை மட்டும் கிடந்தது. கொடியின் வேர்கள் வெளியே தெரிந்தன. அம்மா வந்து பார்த்தாள்.

"வரப்பு ஒடஞ்சுச்சா, ஒடச்சியா?"

நான் குனிந்து வெளியே தெரிந்த ஒரு வேரைச் சரளையால் மூடினேன்.

"அவுகளுக்குப் போனது ஒரு வெள்ளாமை. நமக்கு மூணு வருசம். இதுக்குத்தான் படிச்சியாடா?"

கிளை வெட்டிவிட்ட அடுத்த கவாத்துக்குப் பெரியப்பா கொடி தளதளவென்று தழைத்தது. அறுப்பன்று ஒரு கூடைப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். பாகம் பிரித்ததற்கு அப்புறம் எங்கள் வாசல் மிதித்தது அன்றுதான்.

"சாப்பிட்டுப் பாரு தம்பி. ஒங்க மேட்டு மண்ணுல வெளைஞ்சது. ஒரு கூடை எரு வைக்கல."

அப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வரப்பை வெட்டுனது நான்தான் பெரியப்பா. அந்த மண்ணு எங்களது. அள்ளிட்டுப் போகப் போறேன்."

"தெரியும்லே. மழை ஒடச்சா கரை இடிஞ்சு கெடக்கும், மம்பட்டி வெட்டுனா நறுக்குன்னு இருக்கும். வந்து அள்ளிக்க. எங்கொடி தின்னது போக மிச்சம் இருந்தா." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "அடுத்த மழைக்கு இன்னுங் கொஞ்சம் அகலமா வெட்டு, என்ன?"

அப்பா சிரித்துவிட்டார். பெரியப்பாவை விட்டுத்தள்ளலாம். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

மண்ணை அள்ளப் போகவில்லை. வரப்புகளை மறுபடி போட்டு, நெடுகிலும் வெட்டிவேர் நாற்றை இரண்டு வரிசையாக நெருக்கி நட்டேன். அதன் வேர் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பெரியப்பா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"என்னலே அது, புல்லா நடுற?"

"ஆமா பெரியப்பா, வெறும் புல்லுதான்."

இப்போதெல்லாம் எவ்வளவு மழை பெய்தாலும் எங்கள் மேட்டிலிருந்து அவர் தோட்டத்துக்கு இறங்குகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் மேலே போய் நிற்கிறேன். அவர் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்க்கிறாரா என்று.